மேல் ஈறில் முளைத்த பல்

நம் வயதுக்காரர் நாலு பேர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் முதலில் சர்க்கரையைப் பற்றிப் பேசுவோம், அடுத்து முழங்கால், அதற்கப்புறம் பல். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அப்படித்தான். முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துக்கொண்டே ஒருவர் கேட்டார், "உங்க தம்பிக்கு மட்டும் எப்படிங்க எல்லாப் பல்லும் இருக்குது?" இருக்கிறதுதான். ஆனால் மேலே முன்பல் ஒன்றில், வெல்லப்பாகு தெறித்ததுபோல் ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. சேலத்தில் ஒரு பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையாக இருந்தபோது வாயில் அடிபட்டதா என்று கேட்டாராம். தம்பி நேராக என்னிடம் வந்தான். அவன் கைக்குழந்தையாக இருந்ததைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதானே. அடிபட்டது என்றேன். எப்படி என்றான். எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு விதமாகத் தெரியும். அதுதான் சிக்கல். உங்களிடம் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தி நடந்தது. நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. எனக்கு எட்டு வயது. தம்பிக்கு எட்டாம் மாதம் முடியப் போகிறது. கடலைக்காய் பிடுங்குகிற காலம். செடியோடு பிடுங்கிக் கொண்டுவந்து போட்ட ஈரக்காயின் மண்வாசனை வீட்டுக்குள் உறியில் இருக்கிற தயிரில்கூட அடிக்கும். பெரியவர்கள் எல்லோரும் காட்டில் இருந்தார்கள், தம்பி என் இடுப்பில் இருந்தான். ஈறு ஊறுகிறதென்று எதையாவது கடிக்கத் தேடுவான். என் சுட்டுவிரலைக் கொடுப்பேன். கன்றுக்குட்டி விரலைச் சப்புகிறமாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு நாள் காலையில் விரல் சுருக்கென்றது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் ஈறில் நொய்யரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அம்மா தயிர் கடைந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டு வெல்லமாவது கிடைக்கும் என்ற நினைப்பில் ஓடினேன்.

"அம்மா, தம்பிக்குப் பல்லு மொளச்சிருச்சு."

"எங்க?"

"மேல."

மத்து நின்றது. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து அவன் வாயில் விரலை விட்டாள். மேலே தொட்டாள், கீழே தொட்டாள். கீழ் ஈறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள், தொலைத்த காசைத் தேடுகிறவளைப்போல. அங்கே ஒன்றும் இல்லை.

"யாருகிட்டயும் சொல்லாத சாமி. அத்தைகிட்ட மூச்சு உடக்கூடாது."

"ஏம்மா?"

"மேல மொதல்ல மொளச்சா மாமனுக்கு ஆகாதுங்கண்ணு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்றால் சொறிந்துகொள்வார். மாமா எருமப்பட்டிப் பக்கம் இருக்கிறார். இங்கே தம்பியின் வாயில் முளைத்த பல்லுக்கும், அத்தனை மைலுக்கு அப்பால் இருக்கிற அவருக்கும் நடுவில் எது போய் வரும்? மாட்டுவண்டி போகிற தடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் காலராவில் போய்விட்டார்கள். அப்போது அம்மாவுக்கு என் வயதுகூட இல்லை. மாமாதான் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்பது ஒரு வீடு அல்ல, அந்த ஒரு ஆள். மாமா சிரித்தால் கட்டுத்தரையில் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொண்டுவருவார். பின்பக்கம் தகரம் அடித்த கண்ணாடி ஒன்று கொண்டுவந்தார். அதன் தகரத்தில் மயில் படம் இருந்தது, மயிலுக்கு ஒரு கால்தான். எங்கே போட்டேனோ, இன்றைக்கும் அந்த ஒற்றைக்கால் கண்ணில் நிற்கிறது.

ஆக, தம்பியின் வாயை மறைக்கவேண்டும். எனக்குக் கிடைத்த வேலை, அவனைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொள்வது. அவனோ பூனை தும்மினாலே சிரிப்பவன். யாராவது வந்தால் அவன் முகத்தை என் தோளில் அழுத்திக்கொள்வேன், அவன் என் கழுத்துக்குள்ளேயே கெக்கெக்கென்று சிரிப்பான். அம்மா முந்தானையைப் போட்டு மூடுவாள். பக்கத்துத் தோட்டத்துக்காரிகள், "கண்ணு பட்டுருமுன்னு பயப்படறா, ஊரு ஒலகத்துல இல்லாத புள்ளையப் பெத்துட்டா" என்று வேலியோரம் நின்று பேசுவார்கள். நமக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அந்தச் சத்தத்தில் பேசுவது.

காதுகுத்துக்கு நாள் குறிக்க மாமா வந்தார். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தானே குழந்தை உட்காரவேண்டும். பச்சை வெல்வெட்டில் ஒரு குல்லா தைத்து எடுத்துவந்திருந்தார். வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினார். அம்மா தம்பியைத் தோளில் போட்டு மூடிக்கொண்டாள்.

"தூங்கறானுங்ணா."

மாமா எட்டிப் பார்த்தார். முந்தானைக்கு மேலே தம்பியின் கண் இரண்டும் முழித்துக்கொண்டிருந்தன.

"கண்ணத் தொறந்துட்டா தூங்கறான்?"

"இப்பத்தானுங் முழிச்சான். ஆளப் பாத்தா அழுவானுங்ணா."

"நான் ஆளா?" என்றார் மாமா.

உள்ளே கோழி வெந்துகொண்டிருந்தது, மிளகு வாசம் வாசல்வரை வந்தது. மாமா குல்லாவைக் கட்டில்மேல் வைத்தார். "வெயில் ஏர்றதுக்குள்ள போயர்றேன்" என்றார். வெயில் உச்சிக்கு வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கை நனைக்காமல் போய்விட்டார். தங்கை வீட்டில் கோழி வெந்துகொண்டிருக்கும்போது அண்ணன் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அம்மா முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு கடலை உரித்தாள். பருப்பைத் தொலிக் குவியலில் போட்டாள், தொலியை முறத்தில் போட்டாள். நான் சொல்லவில்லை. இதுதான் அந்த "ஆகாது" போலிருக்கிறது, நடந்து முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முடியவில்லை. அடுத்த வாரம் தம்பி அத்தையின் விரலைக் கடித்துவிட்டான்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடுதான் இருந்தாள். எதற்கும் "அதுக்கொரு மொறை இருக்குது" என்பாள். மோர் ஊற்றுவதற்குக்கூட ஒரு முறை வைத்திருந்தாள். அன்றைக்குக் கடிபட்ட விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு அம்மாவிடம், "எத்தன நாளா இது?" என்றாள். அம்மா சொன்னாள். அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்போல் இருந்தது எனக்கு.

அதன் பிறகு வீட்டில் பேச்செல்லாம் முறை பற்றித்தான். மாமாவைக் கூப்பிட்டுத் தட்டில் எண்ணெய் ஊற்றி, அதில் குழந்தையின் முகத்தைப் பார்க்கச் சொல்லவேண்டும் என்றாள் அத்தை. அது தொப்புள்கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைக்குச் செய்வதல்லவா என்றார் அப்பா. அப்படியானால் மாமா பார்க்கவே கூடாது என்றாள். பார்க்காமல் எப்படிக் காது குத்துவது என்றார் அப்பா. சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. கடைசியில் அப்பா தன் வழக்கப்படி, "பொழுது விடியட்டும், பாக்கலாம்" என்றார். அவர் அதைக் காலை ஏழு மணிக்கும் சொல்வார்.

"நூலக் கட்டி ஒரு சுண்டு சுண்டுனா வந்துரும்" என்றாள் அத்தை. "ஈறு பூவாட்டம் இருக்குது. ஒண்ணும் பண்ணாது."

"பாலு குடிக்கற வாயிங்க நங்கை" என்றாள் அம்மா. நாத்தனாரை நங்கை என்பது எங்கள் வழக்கம்.

"உனக்குக் கூடப்பொறந்தவன் வேணுமா, இந்தப் பல்லு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கீழ்ப்பல் முளைத்துவிடாதா என்று தினமும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க" என்றாள். அந்த நாட்களில் அவள் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். பல் வெளியே வந்ததால்தானே இத்தனையும்? வந்த வழியே அது உள்ளே போய்விட்டால்? யாரும் இல்லாதபோது தம்பியின் வாயைத் திறந்து கட்டைவிரலால் அந்தப் பல்லை மேல்நோக்கி அழுத்துவேன். மெதுவாகத்தான். அவன் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு எச்சில் வழியச் சிரிப்பான். எத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று தெரியாது.

வியாழக்கிழமை. களத்தில் காய்ந்த கடலையை அளந்து மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அளக்கிற இரும்பு வள்ளத்தைக் குவியல் ஓரம் வைத்துவிட்டு எல்லோரும் மூட்டை தைக்கப் போனார்கள். தம்பி அந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வள்ளம் புரண்டது. வாய் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தான். இப்படி ஒரு ஞாபகம். இதில் நான் குவியலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன், வள்ளத்தின் ஓசை மட்டும் கேட்கிறது. இன்னொரு ஞாபகத்தில் நான் அவனுக்கு எதிரே குந்தியிருக்கிறேன், என் கட்டைவிரல் ஈரமாக இருக்கிறது. இரண்டிலும் ஒரே வெயில், ஒரே கடலை மண். எது முன்னால், எது பின்னால், இரண்டும் ஒரே நாளா என்று அறுபது வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

ரத்தம் தாடை வழியாக ஒழுகியது. அத்தை முதலில் ஓடிவந்து தூக்கி உதட்டை விரித்துப் பார்த்தாள். "பல்லு போச்சு" என்றாள். அழுகிற குரல் அல்ல, அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "போச்சு பொண்ணு, நல்லதாப் போச்சு. சாமி நம்ம பக்கம் இருக்குது."

ரத்தம் வந்தால் பெரியவர்கள் பதறுவார்கள் என்றுதான் அதுவரை கண்டிருந்தேன். இங்கே ரத்தம் ஒழுகுகிறது, அத்தையின் முகம் தெளிந்துவிட்டது. அடுத்து அவள் செய்தது பல்லைத் தேடச் சொன்னது. விழுந்த பல் மண்ணில் கிடக்கக்கூடாது, சாணியில் பொதித்துக் கூரைமேல் போடவேண்டும், அதற்கொரு முறை இருக்கிறது. களத்தில் இருந்த அத்தனை பேரும் குனிந்துவிட்டார்கள். கடலைக் களத்தில் வெள்ளையாக எது இல்லை? உடைந்த பருப்பு ஒவ்வொன்றையும் எடுத்து, "இதா பாருங்க", "இதுவா பாருங்க" என்று நீட்டினார்கள். அத்தை ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். எல்லாம் பருப்புதான்.

அம்மா மட்டும் குனியவில்லை. குழந்தையைக் கிணற்றுமேட்டுக்குத் தூக்கிப்போய், குளிர்ந்த தண்ணீரில் வேட்டித் துணியை நனைத்து உதட்டில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன். என்னைத் திரும்பிப் பார்த்து, ரொம்பச் சன்னமாக, "நீயா அம்மிணி தள்ளுன?" என்று கேட்டாள்.

அந்த முகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. ஆமாம் என்றால் அடிப்பாளா, கட்டிக்கொள்வாளா என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றால் சந்தோஷப்படுவாளா என்பதும் தெரியவில்லை. நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே.

பொழுது சாய்வதற்குள் மேலுதடு அத்திக்காய் மாதிரி வீங்கிவிட்டது. குழந்தை மார்பில் வாய் வைக்கவில்லை. பசியில் தேடுவான், உதடு பட்டதும் வீறிட்டு விலகுவான். வெள்ளிச் சங்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள், பாதி வழிந்தது. விடிந்ததும் அப்பா வண்டி கட்டினார். அந்த ஒரு தடவை அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

நாமக்கல் மருந்துச்சாலையில் டாக்டர் வெளியூர் போயிருந்தார். கம்பவுண்டர் இருந்தார். ராவுத்தர், தாடியில் பாதி நரை, கையில் எப்போதும் சோப்பு வாசம். எங்கள் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் கையைக் கழுவினார். அப்பாவை எதிரே உட்காரவைத்து, முழங்காலோடு முழங்கால் ஒட்டிக்கொண்டார். குழந்தையின் கால் அப்பா இடுப்பில், தலை ராவுத்தர் மடியில். கட்டில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. உதட்டை ஒரு விரலால் மெல்லத் தூக்கினார். அழுகிற குழந்தையிடம், "அழுவு அழுவு, அழுவுனாத்தான் வாய் நல்லாத் தெரியுது" என்றார்.

"பல்லு எங்கீங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

"கெடைக்கலீங்க ராவுத்தரே, களத்தையே சலிச்சுட்டோம்" என்றாள் அத்தை.

"எப்படிக் கெடைக்கும். இங்க பாருங்க."

எல்லோரும் குனிந்தோம். ஈறு நாவல்பழ நிறத்தில் உப்பியிருந்தது. நடுவில் எள்ளளவுக்கு ஒரு வெள்ளை.

"பல்லு விழுகலீங்க. அடிச்ச அடியில மேல ஏறி உள்ள உக்காந்துக்கிச்சு. ஒண்ணும் பண்ணாதீங்க, அதுவாத் திரும்ப எறங்கும். சில மாசம் ஆகும். கொதிக்கவெச்சு ஆறுன தண்ணியில துணிய நனைச்சுத் தொடைங்க. வீக்கத்துக்குக் குளுந்த துணி வைங்க. ரெண்டு நாளைக்குச் சங்குலயே பாலு குடுங்க. காச்சலோ சீழோ வந்தாத் தூக்கிட்டு ஓடியாங்க."

அத்தை முன்னுக்கு வந்தாள். "வேண்டாமுங்க. எடுத்துருங்க. இருந்தா இவ பொறந்தவனுக்கு ஆகாதுங்க." விஷயத்தைச் சொன்னாள்.

ராவுத்தர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "தோண்டோணுமுன்னா குறடு இருக்குது" என்றார். "ஆனா நாளைக்கு மொளைக்கப்போற பெரிய பல்லு, மொட்டாட்டம் இதுக்கு மேலதான் படுத்திருக்குது. தோண்டுனா அதும் கெடும், ஈறும் புண்ணாகும். எங்க அக்கா மவனுக்குக்கூட மேலதான் மொதல்ல வந்துச்சு. மாமன்காரன் நான் குத்துக்கல்லாட்டம் உங்க முன்னாடி உக்காந்திருக்கறேன்." பல வருஷம் கழித்து அவர் குடும்பத்தாரோடு பழக்கமானபோது தெரிந்தது, அவருக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது.

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். எதற்கும் யார் முகத்தையாவது பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பாள் எங்கள் அம்மா. அன்று கேட்கவில்லை.

"எடுக்க வேண்டாமுங்க" என்றாள்.

"அப்ப உன்ற பொறந்தவன்?" என்றாள் அத்தை.

அம்மா குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "வண்டிய அவிய ஊட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க" என்றாள்.

மாமா வாசல் வேப்பமரத்தடியில் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சாலுக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தார். அப்பாவை மட்டும் "வாங்க மாப்பிள்ளை" என்றார். அம்மாவை வா என்று கேட்கவில்லை. அம்மா மண்ணில் அவர் எதிரே உட்கார்ந்து, ஊசியும் தோலும் கிடந்த அவர் மடியில் குழந்தையைக் கிடத்தி, தானே அவன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். மேல் பல் முளைத்தது, மறைத்தது, குழந்தை விழுந்தது, ராவுத்தர் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "எடுத்திருக்கலாமுங்ணா. நான்தான் வேண்டாமுன்னுட்டேன்" என்று முடித்தாள்.

மாமா சிரிப்பார் என்று காத்திருந்தேன். பெரிய உடம்பு, பெரிய மீசை, எந்தக் கிணற்றிலும் குதிக்கிறவர். இந்த எள்ளளவு பல்லைக் கண்டால் மாடு தலை தூக்கும்படி சிரிக்கவேண்டாமா? அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாம் அம்மிணி" என்றார்.

"சொல்லாததுக்குத்தானுங்ணா கோவிச்சுட்டுப் போனீங்க."

"ஆமா" என்றார். மடியில் கிடந்த ஊசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அதும் ஆமாதான்" என்றார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். இரண்டு மாதத்தில் கீழ்ப்பல் இரண்டும் வந்தன. அதற்கப்புறம் உள்ளே போனது மெல்ல இறங்கியது. திரும்பிப்போன பல் கணக்கில் சேராது, கீழ்ப்பல்தான் முதல் பல் என்று அத்தை அதற்கும் ஒரு முறை கண்டுபிடித்துவிட்டாள். மாமா மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவர் அதன் பிறகு முப்பது வருஷத்துக்குமேல் இருந்தார், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோதுகூடப் பக்கத்தில் நின்றார். ஆனால் அந்த மத்தியானம் வேப்பமரத்தடியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ராவுத்தர் வார்த்தை ஒரு பக்கம், ஊர் வார்த்தை ஒரு பக்கம், நடுவில் மடியில் கிடக்கிற குழந்தை.

மாமா அவனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "இவனுக்கு வலிக்குதா?" என்று கேட்டார். வலிக்கும் என்றாள் அம்மா. ஒரு சொம்பு தண்ணீரும் துணியும் கொண்டுவரச் சொன்னார். அம்மா அங்கேயே, அந்த மண்ணிலேயே, கையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கிப்போனாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமா துணியை நனைத்துப் பிழிந்து அந்த உதட்டில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் பாம்புப் பொந்துக்குள் விரல் விடுகிறவரைப்போலத்தான் வைத்தார். துணி சூடேறச் சூடேற எடுத்து நனைத்து வைத்துக்கொண்டே இருந்தார்.